கீரை முதலில், பூசணி பிறகு

அன்புள்ள ஐயா,

கணினி கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் என் கணக்கில் 340 கேம்கள் இருக்கின்றன. அவற்றில் 211-ஐ ஒருமுறைகூடத் திறந்ததில்லை. பட்டியலைப் பார்த்தாலே குற்றவுணர்ச்சி வருகிறது. ஒரு கேமை முடிக்க எத்தனை மணி நேரமாகும் என்று சொல்லும் ஹௌ லாங் டு பீட் தளத்தில் நேரம் பார்த்து, சின்ன கேமிலிருந்து பெரிய கேம் வரை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். இது சரியான வழியா? விட்ச்சர் 3-ஐ 12 மணி நேரத்தோடு விட்டுவிட்டேன். முதலிலிருந்து தொடங்கவா, விட்ட இடத்திலிருந்தா? டைட்டன்ஃபால் 2 மாதிரி விற்பனையில் ஓடாத கேம்களைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடலாம் என்றும் இருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குற்றவுணர்ச்சியை விடுங்கள். வீட்டு அலமாரியில் படிக்காத புத்தகம் இருப்பதற்காக யாரும் வருந்திச் சாவதில்லை. உங்கள் வரிசைதான் தவறு. கொஞ்ச நாளாக நானும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சந்தைப் பையில் கீரையும் பூசணியும் இருந்தால், எது சீக்கிரம் வேகும் என்றா பார்க்கிறோம்? கீரை நாளைக்கு வாடிவிடும், அதனால் அதற்குத்தான் முதல் அடுப்பு. உங்கள் 211-லும் கீரைகள் இருக்கின்றன. நேரக் கணக்கு அவற்றைக் காட்டாது.

தி க்ரூ 2014 டிசம்பரில் வந்த கார் பந்தய கேம். தனியாக ஓட்டினாலும் சர்வரோடு இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் ஓட்ட முடியவில்லை, பிறகு அவர்களின் உரிமமும் பறிக்கப்பட்டது. ‘அப்புறம் ஆடலாம்’ என்று வைத்திருந்தவர்களுக்கு அந்த அப்புறம் வரவேயில்லை. ஸ்டீமில் நீங்கள் வாங்குவதும் உரிமம்தான், கேம் அல்ல.

கடையிலிருந்து நீங்குவது வேறு. ஆலன் வேக் என்ற கேம், அதிலுள்ள பாட்டுகளின் உரிமம் முடிந்ததால் 2017 மே மாதம் விற்பனையிலிருந்து போய், 2018 அக்டோபரில் திரும்பியது. ஃபோர்ஸா ஹொரைஸன் 4-இன் விற்பனை 2024 டிசம்பரில் நின்றது. முன்பே வாங்கியவர்கள் இரண்டையும் தொடர்ந்து ஆடலாம். இவை உங்கள் கணக்கில் இருந்தால் பதற வேண்டாம். பதற வேண்டியது சர்வரை நம்பி உயிர்வாழ்பவற்றுக்காக.

எவை என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. லைப்ரரியின் தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள வடிகட்டியில் விளையாடாதவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து டைனமிக் கலெக்‌ஷனாக (தானே புதுப்பித்துக்கொள்ளும் பட்டியல்) சேமியுங்கள். பிறகு ஒவ்வொன்றின் கடைப் பக்கத்திலும் வலப்பக்க ஓரத்தைப் படியுங்கள். வேறு நிறுவனத்தின் கணக்கு வேண்டும், வேறு டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) உண்டு என்பதெல்லாம் அங்கே இருக்கும். சந்தேகமானதை இன்ஸ்டால் செய்து இணையத்தோடு ஒருமுறை திறந்து மூடுங்கள். இந்தப் படியை விட்டுவிடாதீர்கள்: பல கேம்களுக்கு முதல் திறப்பில்தான் அனுமதி பதிவாகும், அது நடக்காவிட்டால் நல்ல கேமும் சோதனையில் தோற்கும். அடுத்து ஸ்டீமை ஆஃப்லைனுக்கு மாற்றி, வைஃபையையும் அணைத்து, மறுபடி திறங்கள். தலைப்புத் திரையிலேயே சுற்றிக்கொண்டு நின்றால் அது கீரை. பட்டியலின் உச்சிக்குப் போகட்டும்.

இன்னொரு வகை உண்டு, கணினி மாறுவதால் கெடுபவை. 2011-இல் வந்த ஸ்கைரிமின் மூலப் பதிப்பை 144 ஹெர்ட்ஸ் திரையில் (நொடிக்கு 144 முறை படம் மாறுவது) அப்படியே ஓட்டினால் மேசையிலுள்ள தட்டும் ரொட்டியும் பறக்கும், ஏனென்றால் அதன் இயற்பியல் கணக்கு பிரேம் வேகத்தோடு, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதோடு, கட்டப்பட்டது. கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் அமைப்புகளில் 60 பிரேமுக்கு மட்டுப்படுத்தினால் சரியாகிவிடும். பழைய டெட் ஸ்பேஸில் மவுஸ் சேற்றில் இழுப்பது போலிருந்தால், கேமுக்குள் விசிங்க்கை (படங்களைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் அமைப்பு) அணைத்து டிரைவரில் போடுங்கள். இவை காத்திருக்கும்.

ஜிஓஜி என்ற இன்னொரு இணையக் கடையில் வாங்கியவை இருந்தால் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கி வெளி டிஸ்க்கில் போட்டுவையுங்கள். பெரிய கேம்களில் இன்ஸ்டாலரோடு .bin என்று முடியும் கோப்புகளும் வரும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், ஒன்று விடுபட்டாலும் நிறுவல் பாதியில் நிற்கும்.

டைட்டன்ஃபால் 2-ஐத் தூக்குகிறேன் என்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. ஓடாதது என்றால் மட்டமானதா? அது வெளியானது 2016 அக்டோபர் 28. அதை வெளியிட்ட இஏ நிறுவனத்தின் பேட்டில்ஃபீல்ட் 1 அதற்கு ஒரு வாரம் முன்பும், அடுத்த கால் ஆஃப் டியூட்டி ஒரு வாரம் பின்பும் வந்தன. இரண்டு யானைகளுக்கு நடுவே விட்டார்கள், நசுங்கியது. கதைப் பகுதி ஆறு மணி நேரம்தான். அதில் ஒரு கட்டத்தில் பொத்தானைத் தட்டியதும் அதே கட்டடம் இடிந்த நிலைக்கும் முன்பிருந்த நிலைக்கும் மாறும். சுவரில் ஓடிக்கொண்டே காலம் மாற்றி அடுத்த சுவரைப் பிடிக்க வேண்டும். விற்பனை எண்ணைப் பார்த்து இதைத் தள்ளுகிறவர் 211-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்? இந்த வாரமே இன்ஸ்டால் செய்யுங்கள்.

விட்ச்சர் 3 பூசணி. விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். சேமித்த ஆட்டத்தை (சேவ்) ஏற்றும்போது கேமின் பாத்திரமான டேண்டலியன் இதுவரை நடந்த கதையைச் சொல்வான். 2022 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பு பல மோட்களை (ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றங்கள்) உடைத்தது, ஆகவே பழைய மோட் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். கதையும் சேவும் பத்திரமாக இருக்கும், கைதான் மறந்திருக்கும். நேரே பெரிய குவெஸ்ட்டுக்கு (கதைப் பணி) போகாதீர்கள். குவென் என்ற மந்திரக் கேடயத்தைப் போட்டுக்கொண்டு ஆற்றோரத்து ட்ரவுனர் அரக்கர்களிடம் அரை மணி நேரம் சண்டை போடுங்கள். விலகுவதற்கும் உருளுவதற்கும் தனித்தனிப் பொத்தான்கள். அந்த இரண்டும் விரலுக்குத் திரும்பியதும் கதைக்குப் போங்கள்.