பன்னிரண்டுக்குப் பதினொன்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

2023 ரக்பி உலகக் கோப்பையின் இறுதிப்போட்டியைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். தென்னாப்பிரிக்கா ஒரு டிரைகூட (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போடாமல் நியூசிலாந்தை 12-11 என்று வென்றது. பந்து கிடைத்தால் வானத்துக்கு உதைப்பது, இரு அணியின் பலசாலிகளும் தோள்கோத்துத் தள்ளும் ஸ்க்ரம்மில் முட்டுவது, எதிரணியின் தவறுக்குப் பெனால்டி வாங்குவது. இதற்கா நள்ளிரவில் கண்விழிப்பது? நியூசிலாந்தும் ஃபிஜியும் ஆடுவதல்லவா ஆட்டம்?

எம்.

அன்புள்ள எம்,

கண்ணுக்கு அழகான ஆட்டம் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த உதையை, பந்தை எதிரணிக்குத் தானம் செய்வதாக நினைக்கிறீர்கள். அது சரியில்லை.

சொந்தப் பாதியில் பந்தோடு ஓடினால், பிடிபட்டு விழும் ஒவ்வொரு முறையும் ஒரு ரக், அதாவது தரையில் கிடக்கும் பந்தின்மேல் இரு அணியினரும் முட்டித்தள்ளும் குவியல். துணைக்கு வருபவர் அரை விநாடி பிந்தினால் எதிரணிக்காரர் குனிந்து பந்தைப் பற்றிவிடுவார். விழுந்தவர் விடவில்லையென்றால் பெனால்டி. கோல் கம்பத்துக்கு உதைக்கும் தூரத்தில் இருந்தால் 3 புள்ளி போச்சு. பத்து ரக்கில் 20 மீட்டர் நகர்வதற்கு இது பெரிய விலை.

ரக்கின் பின்னாலிருந்து பந்தை உயரே தூக்கி உதைக்கும் பாக்ஸ் கிக் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். ஃபார்வர்டுகள் (ஸ்க்ரம்மில் தள்ளுபவர்கள்) ரக்கின் பின்னால் கம்பளிப்பூச்சிபோல ஒருவர்பின் ஒருவராகக் கோத்துக்கொள்வார்கள். உதையைத் தடுக்க வருபவர் அந்த நீளத்துக்குத் தள்ளியே நிற்கவேண்டியிருக்கும். பந்து சுமார் 25 மீட்டர் தள்ளி இறங்கவேண்டும், கிட்டத்தட்ட 4 விநாடி காற்றில் இருக்கவேண்டும். அப்போதுதான் ஓரத்தில் நிற்கும் விங்கர் ஓடிவந்து, எதிரணியின் கடைசித் தடுப்பாளரான ஃபுல்-பேக்கோடு சேர்ந்து எம்பமுடியும். 40 மீட்டர் போய்விட்டால் கெட்டது: ஃபுல்-பேக் தனியாகப் பிடித்து, கலைந்து நிற்கும் வரிசைக்குள் ஓடுவார். நீங்கள் ரசிக்கும் நியூசிலாந்து டிரைகளில் பல இப்படி வந்தவை. அவர்களும் நன்றாகவே உதைப்பவர்கள்தாம்!

அதே கோப்பையின் அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இங்கிலாந்து 15-6 என்று முன்னால் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் பெஞ்சிலிருந்து வந்த ஸ்னைமன் டிரை போட்டார். பெஞ்சிலிருந்தே வந்த ஓக்ஸ் ந்சே ஸ்க்ரம்மில் எதிராளியைத் திணறடித்துப் பெனால்டி பெற்றுத்தந்தார். போலார்ட் ஏறத்தாழ 50 மீட்டரிலிருந்து உதைத்து 16-15 ஆக்கினார். இறுதிப்போட்டிக்கு 8 மாற்று ஆட்டக்காரர்களில் 7 பேர் ஃபார்வர்டுகள். இரண்டு பேக்குகள் (பின்வரிசையில் ஓடுபவர்கள்) அடிபட்டால் ஒரு ஃபார்வர்ட் பின்வரிசையில் ஓடவேண்டியதுதான். அடி வேறிடத்தில் விழுந்தது: தொடக்கத்திலேயே, ஸ்க்ரம்மின் முன்வரிசை நடுவில் நிற்கும் ஹூக்கர் ம்போனாம்பி வெளியேற, ஸ்க்ரம்மின் ஓரத்தில் ஆடும் ஃபிளாங்கரான டியோன் ஃபூரி அந்த இடத்துக்கு வந்தார். வெளியே போன பந்தை ஹூக்கர் உள்ளே எறியும் லைன்அவுட் தடுமாறியது.

உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்கா ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. எதிரே நியூசிலாந்து, கேப்டன் சாம் கேன் சிவப்பு அட்டை வாங்கியதால், 14 பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. மோவுங்காவின் கன்வர்ஷனோ (டிரைக்குப் பிந்திய உதை) ஜோர்டி பாரட்டின் பெனால்டியோ உள்ளே போயிருந்தால் கோப்பை கைமாறியிருக்கும். காலிறுதி 29-28, அரையிறுதி 16-15, இறுதி 12-11. இவ்வளவு மெல்லிய கயிற்றில் ஓர் அணி எத்தனை நாள் நடக்கும்? தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் எராஸ்மஸுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். 2024-இல் தாக்குதல் பயிற்சியாளராக நியூசிலாந்துக்காரரான டோனி பிரவுனையே அழைத்துக்கொண்டார். 2025 செப்டம்பரில் நியூசிலாந்தை வெலிங்டனிலேயே 43-10 என்று வென்றார்கள்.

அடுத்தமுறை பாக்ஸ் கிக் அடிக்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள். கேமரா அதனோடு மேலே போய்விடும். முடிந்தால் ஓரத்தில் கிளம்பும் விங்கரைப் பாருங்கள். சற்று முந்திக் கிளம்பினால் ஆஃப்சைடு, பிந்தினால் அந்த உதையே வீண்.