வீடு கட்டினால் பரதேசி இல்லையா?

கேள்வி: நாகர்கோவிலில் 9,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு மாதம் 60,000 சம்பளம், இரண்டு பிள்ளைகள். ஊரில் 5 சென்ட் மனை உண்டு. அவருடைய அண்ணன் மாடி வீடு கட்டியதிலிருந்து இவரும் 35 லட்சம் லோன் போட்டுக் கட்டவேண்டும் என்கிறார். ‘நாம் பரதேசிகள், பூமியில் வீடு எதற்கு?’ என்று ஒரு பாஸ்டர் பிரசங்கித்ததைக் கேட்டபிறகு எனக்கு மனம் ஒப்பவில்லை. வீடு கட்டுவது உலகப்பற்றா? – ஒரு சகோதரி

பதில்: அன்புள்ள சகோதரி, வீடு கட்டுவது பாவமென்று வேதம் எங்கும் சொல்லவில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கே “வீடுகளைக் கட்டி, குடியிருந்து” என்று எரேமியா 29:5-ல் கர்த்தர் எழுதியனுப்புகிறார். அதே அதிகாரம் 10-ஆம் வசனத்தில், 70 வருஷம் முடிந்ததும் திரும்பக் கூட்டிவருவேன் என்கிறார். திரும்பிப் போகிறவர்கள் என்று தெரிந்தேதான் அவர்கள் அங்கே அஸ்திபாரம் போடவேண்டும். லேவியராகமம் 25:23 இன்னும் நேரடியானது: நிலம் என்னுடையது, நீங்கள் பரதேசிகள் என்று சொந்த நிலம் பெறப்போகிறவர்களிடமே சொல்கிறார். பரதேசி என்றால் அந்நிய ஊரில் தங்கியிருப்பவன்; நம் தெருவில் வசவாகிப்போன சொல்தான். ஆனால் ஆபிரகாம் அந்த ஊர்க்காரரான ஏத்தின் புத்திரர் முன் தன்னைப் பரதேசி என்று சொல்லிக்கொண்டுதான் 400 சேக்கல் வெள்ளிக்கு மக்பேலா நிலத்தை வாங்கினான்.

ஆகவே மனையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கவலைப்பட வேண்டியது ‘அண்ணன் கட்டியதிலிருந்து’ என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த இரண்டு வார்த்தையைப் பற்றி. ஆபிரகாமின் சகோதரன் மகன் லோத்துவும் ஒரே நாளில் பாவத்துக்குப் பேர்போன சோதோமுக்குள் போய்விடவில்லை. ஆதியாகமம் 13:10-ல் கண்ணால் பார்க்கிறான், 13:12-ல் அதற்கு நேரே கூடாரம் போடுகிறான், 14:12-ல் உள்ளே குடியிருக்கிறான், 19:1-ல் ஊர்வாசலில் உட்கார்ந்திருக்கிறான். நான்கையும் இருவருமாகச் சேர்ந்து வாசியுங்கள். ஆபிராம் (ஆபிரகாமின் முந்தைய பெயர்) கூடாரம் போட்ட இடத்தில் பலிபீடமும் கட்டினான் (12:8). லோத்து கட்டியதாக ஒரு வரிகூட இல்லை.

இனி கணக்கு. 35 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் தவணை ஏறத்தாழ 31,490 ரூபாய். சம்பளத்தில் பாதிக்கும் மேல். கடனைக் கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 40 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அதே வட்டிக்கு 20 லட்சம் வாங்கினால் தவணை சுமார் 18,000.

லோனில் கையெழுத்துப் போடுமுன் மூன்று மாதம் ஒரு சோதனை செய்யுங்கள். 31,490-இல் இப்போதைய வாடகையைக் கழித்தால் 22,490. சம்பளம் வந்த அன்றே அதைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மீதியில் குடும்பம் நடத்துங்கள். ஒரு நோட்டில், எது முதலில் வெட்டுப்பட்டது என்று தேதியோடு எழுதுங்கள். காணிக்கையும் ஏழைக்குக் கொடுப்பதுமே முதலில் போயின என்றால், ஓய்வுநாளில் கூடுதல் வேலைக்குப் போகும் யோசனை வந்தது என்றால், அந்த வீடு உங்களுக்குப் பெரிது. போட்ட பணம் வீணாகாது. ஆறு மாதத் தவணையாவது கையிருப்பாக வேண்டும், அதற்கு இது தொடக்கம்.

பெரும்பாலும் கணக்கு கெடுவது கான்கிரீட் போடும்வரை அல்ல, பூச்சு முடிந்தபிறகு. கிரானைட், எலிவேஷன், மாடுலர் கிச்சன், தேக்கு வாசல்கதவு என்று வரிசையாக வரும். நகை அடகுக்குப் போவதும் அப்போதுதான். எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘குடியிருக்க’ அல்லது ‘பார்க்கிறவர்களுக்கு’ என்று எழுதுங்கள். 1 யோவான் 2:16 சொல்லும் ஜீவனத்தின் பெருமை இரண்டாவது பட்டியலில்தான் இருக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள், அது உபாகமம் 22:8-இன் கட்டளை. வழிப்போக்கரோ ஊழியரோ ஓர் இரவு தங்க ஒரு சிறு அறையும் இருக்கட்டும் (எபிரெயர் 13:2).

கணவரிடம் வசனத்தை எடுத்து வீசாதீர்கள். அண்ணனின் பெயரையும் இழுக்கவேண்டாம்; அது காயப்படுத்தும். “மூன்று மாதம் இப்படி இருந்து பார்ப்போமா?” என்று கேளுங்கள். நோட்டை அவர் கையாலேயே எழுதட்டும், மாதக் கடைசியில் குடும்ப ஜெபம் முடிந்ததும் இருவரும் திறந்து பாருங்கள்.