நட்சத்திரத்துக்கு ஒரு விசில், மற்றவருக்கு ஒரு விசிலா?

வாசகர் கேள்விகளுக்கு முன்னாள் கூடைப்பந்து நடுவர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டங்களை விடியற்காலையில் எழுந்து பார்ப்பவன் நான். ஓக்லஹோமா சிட்டி அணியின் நட்சத்திரம் ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் மேல் கை பட்டாலே ஃபவுல் என்று விசில். பெஞ்சிலிருந்து வரும் பையனை இடித்துத் தள்ளினாலும் விசில் இல்லை. நட்சத்திரங்களுக்குத் தனிச் சலுகை உண்டா?
- கல்லூரி மாணவர், கோவில்பட்டி

பதில்: உண்டு தம்பி. ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஷாய்க்கு இத்தனை ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடாகத் தடுப்பாரின்றி எறியும் வாய்ப்பு) கிடைக்க முதல் காரணம், அவர் ஓயாமல் கூடையை நோக்கிப் பாய்வதுதான். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிபவரை யார் வந்து இடிக்கப் போகிறார்கள்? 2025 பிளே-ஆஃபில் (பருவக் கடைசியில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) எதிரணியான மினசோட்டாவின் ரசிகர்கள் 'ஃப்ரீ த்ரோ வியாபாரி' என்று கத்தியது எனக்குப் பிடிக்கவில்லை.

சலுகை வருவது வேறு வழியில். கூடைக்குக் கீழே நிற்கும் நடுவருக்குப் பாதி நேரம் தெரிவது முதுகுதான். மறுபக்கம் தடுப்பவரின் கை மணிக்கட்டில் பட்டதா, பந்தில் பட்டதா என்பது மறைந்துவிடும். கண் சொல்லாததை அந்த நொடியில் மனசு சொல்லும். பேர் பெற்ற ஆட்டக்காரர் தடுமாறினால், 'இவர் சும்மா தடுமாற மாட்டார், யாரோ அடித்திருக்கிறார்கள்' என்று தோன்றும். புதுப் பையன் தடுமாறினால் கால் இடறியதாகத் தோன்றும். விசில் பிடித்தவர் எல்லோருக்கும் இது தெரியும். இதைத் திருத்தவும் முடியும். வேண்டுமென்றே தடுப்பவர் மேல் போய்ச் சாய்ந்து ஃபவுல் வாங்கும் தந்திரத்துக்கு 2021-22 பருவத்தில் கடிவாளம் போட்டார்கள். தொடக்க வாரங்களில் ஜேம்ஸ் ஹார்டன், ட்ரே யங் போன்ற பெரிய பெயர்களுக்கே ஃப்ரீ த்ரோ குறைந்தது.

கேள்வி: 1998 இறுதிப் போட்டியில் சிகாகோவின் மைக்கேல் ஜோர்டான், யூட்டாவின் பிரையன் ரஸ்ஸலைத் தள்ளிவிட்டுத்தானே கடைசிப் பந்தைப் போட்டார்? அவர் ஜோர்டான் என்பதால்தானே விட்டார்கள்?
- வாசகர், திருச்சி

பதில்: கை ரஸ்ஸலின் இடுப்பில் பட்டது உண்மை. ஆனால் ரஸ்ஸல் அதற்குள் ஒரு பக்கம் பாய்ந்து சறுக்க ஆரம்பித்துவிட்டார். நான் அங்கே இருந்திருந்தாலும் ஊதியிருக்க மாட்டேன்.

என் கோபம் அதே ஆட்டத்தின் வேறு இரண்டு முடிவுகள் மேல். யூட்டாவின் ஹோவர்ட் ஐஸ்லி போட்ட மூன்று புள்ளிப் பந்து, எறிவதற்கான நேரக் கெடுவைக் காட்டும் ஷாட் கடிகாரம் முடிவதற்குள் கையை விட்டுப் போயிருந்தது, செல்லாது என்றார்கள். சிகாகோவின் ரான் ஹார்ப்பர் போட்ட இரண்டு புள்ளி கடிகாரம் முடிந்த பிறகு வந்தது, செல்லும் என்றார்கள். சிகாகோ ஜெயித்தது 87-86, ஒரே புள்ளியில்! ஐஸ்லியும் ஹார்ப்பரும் நட்சத்திரங்களே இல்லை. அதனால்தான் அந்த அநியாயத்தை யாரும் பேசுவதில்லை, ஜோர்டானின் கையை மட்டும் பேசுகிறார்கள்.

கேள்வி: எல்லாமே முன்கூட்டிப் பேசி வைத்ததுதானே சார்?
- வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. டிம் டோனகி என்ற நடுவர் தான் ஊதிய ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியது 2007-இல் வெளிவந்தது, சிறைக்கும் போனார். அதை வைத்து எல்லா நடுவரையும் திருடராக்குவது சரியில்லை.

கேள்வி: கடைசி நிமிடங்களில் நடுவர்கள் விசிலை ஊதாமல் ஆட்டக்காரர்களிடமே முடிவை விட வேண்டும் என்கிறார்களே, அது சரிதானே?
- ஆசிரியை, நாமக்கல்

பதில்: தப்பு, அம்மா. எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். முதல் குவார்ட்டரில் ஃபவுலாக இருந்தது கடைசி நொடியிலும் ஃபவுல்தான். ஊதாமல் இருப்பதும் ஒரு தீர்ப்பே. அது அடித்தவருக்குச் சாதகமான தீர்ப்பு.

2023 ஜனவரி 28, பாஸ்டன். ஸ்கோர் 105-105. லேக்கர்ஸ் அணியின் லெப்ரான் ஜேம்ஸ் இடது கையால் லே-அப் (கூடைக்கு அருகில் எழும்பிப் பந்தைப் போடுவது) போட எழும்புகிறார். பாஸ்டனின் ஜேசன் டேட்டம் அந்தக் கையிலேயே அடிக்கிறார். விசில் இல்லை. லெப்ரான் மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைத்துவிட்டார். அவருடைய அணியின் பேட்ரிக் பெவர்லி, ஒரு புகைப்படக்காரரின் கேமராவை வாங்கிக்கொண்டு போய் நடுவரிடம் படத்தைக் காட்டப் போனார். அதற்கு டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தைக்கான தண்டனை! கூடுதல் நேரமான ஓவர்டைமில் பாஸ்டன் 125-121 என ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் தலைமை நடுவரே தவறை ஒப்புக்கொண்டார். இத்தனைக்கும் அந்த ஆடுகளத்தில் லெப்ரானைவிடப் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை.

கேள்வி: அப்புறம் ரீப்ளே, கடைசி இரண்டு நிமிட அறிக்கை எல்லாம் எதற்கு?
- அதே ஆசிரியை

பதில்: ரீப்ளே நல்லது; 1998-இல் இருந்திருந்தால் ஐஸ்லியின் புள்ளி தப்பியிருக்கும். நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தை அலசி 2015-இலிருந்து அறிக்கையும் தருகிறார்கள். ஆனால் அது மறுநாள் வருகிறது, முடிவு மாறாது. அதோடு முதல் 46 நிமிடத்தை யார் அலசுவது? பயிற்சியாளருக்கு 'சேலஞ்ச்' உரிமை 2019-20-இல் வந்தது. அதுவும் ஊதிய விசிலை எதிர்க்கத்தான். பாஸ்டனில் விசிலே இல்லை, லேக்கர்ஸ் எதை எதிர்ப்பது? ஊதாமல் விட்ட ஃபவுலையும் கடைசி நிமிடத்தில் ஒரு முறை கேட்கும் உரிமையைப் பயிற்சியாளருக்குக் கொடுக்கட்டும். ஆட்டம் ஒன்றிரண்டு நிமிடம் நீண்டால் நீளட்டும்.