பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் செலவுக்கு வருமான வரியில் கழிவு உண்டா?

அம்மா படுக்கையில் இருக்கிறார், பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறேன், அந்தச் சம்பளத்தை வரியில் கழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள் சம்பளத்துக்கென்று தனிக் கழிவு கிடையாது. ஆனால் பழைய வரி முறையில், அதாவது கழிவுகளைக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளும் முறையில், ஊனமுற்ற குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 80டிடி என்று ஒரு பிரிவு உண்டு (பிரிவு எண்கள் 2025-26 வரையிலான சட்டப்படி), பலருக்கு அது தெரிவதில்லை.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நான் முதலில் 80டிடிபி-யைத்தான் நம்பினேன். அது மூத்த குடிமக்களுக்குக் குறிப்பிட்ட சில நோய்களின் சிகிச்சைக்கு 1 லட்சம் வரை கழிவு. பட்டியலைப் பார்த்தால் புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பார்க்கின்சன், மறதிநோய் எல்லாம் இருக்கிறது, பக்கவாதம் இல்லை!

அப்புறம்தான் 80டிடி. பெற்றோர் நம்மைச் சார்ந்திருக்க வேண்டும், மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும். 40 சதவீதம் ஊனம் என்றால் 75,000 ரூபாய், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பது கணக்கில்லை, முழுத் தொகையும் கழியும். செவிலியர் பராமரிப்பு என்ற சொல்லும் இந்தப் பிரிவிலேயே வருகிறது. அம்மாவைக் காரில் தூக்கி வைத்து அரசு மருத்துவமனைக்கு மூன்று நடை நடந்தோம். மூன்றாம் முறைதான் டாக்டர்கள் குழு உட்கார்ந்திருந்தது.

காப்பீடு இல்லாத 60 வயது தாண்டிய பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 80டி-யில் 50,000 வரை கிடைக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. முதல் வருஷம் மருந்துக்கடையில் எல்லாமே ரொக்கம், ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியவில்லை. ஜிபே-யில் கொடுங்கள்.

சரி, இவ்வளவும் பழைய முறையில்தான். புதிய முறையில் இந்த மூன்றுமே இல்லை. அங்கே 2025-26 நிதியாண்டில் சம்பளம் 12.75 லட்சம் வரை வரியே வராது என்பதால், அதற்குள் இருப்பவர் சான்றிதழுக்கு அலைவது வரிக்காக என்றால் வீண்.

அதற்கு மேல் என்றால்? என் சம்பளம் 15 லட்சம் என்று வையுங்கள். சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலைக்கழிவு 50,000, பிஎஃப் முதலான சேமிப்புக்கு 80சி-யில் 1.5 லட்சம், அம்மாவுக்காக 80டிடி-யும் 80டி-யும் சேர்த்து 1.75 லட்சம், வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் எல்லாம் கழித்தும் பழைய முறையில் வரி 1,01,400. எதையுமே காட்டாமல் புதிய முறையில் 97,500. அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவனுக்கும் பார்க்காதவனுக்கும் ஒரே வரி. எனக்கு அதில் வருத்தம்தான், ஆனாலும் 3,900 ரூபாயை ஏன் விடுவானேன்? வாடகைப்படிக் கழிவும் சேர்த்து வருகிறவர்களுக்கு மட்டும் கணக்கு மாறலாம்.

நான் புதிய முறைக்கு மாறிவிட்டேன். மருந்துக்கடை பில்களை இப்போது எடுத்து வைப்பதில்லை.