ஒன்பதாம் வகுப்பில் வாங்கிய ஒரு ‘டி’

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த சமயம் என் கணவருக்கு வேலை போயிற்று. வீடு மாறினோம், அவள் பள்ளியும் மாறியது. பதற்றம் அதிகமாகி 23 நாள் வகுப்புக்கே போகவில்லை. அந்த வருடம் அல்ஜீப்ரா முதல் செமஸ்டரில் எஃப் (தோல்வி), ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் முதல் செமஸ்டர் டி. பத்தாவதிலிருந்து நன்றாகப் படிக்கிறாள். பதினொன்று முடியப் போகிறது. டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளியின் கிரேடு சான்றில்) மொத்த ஜிபிஏ, அதாவது கிரேடு சராசரி, 3.2. ‘இதை வைத்துக்கொண்டு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கனவு வேண்டாம்’ என்கிறார்கள் தெரிந்தவர்கள். ஒன்பதாம் வகுப்பை விண்ணப்பத்தில் காட்டாமல் விடலாமா? நடந்ததையெல்லாம் கட்டுரையில் எழுதச் சொல்கிறார் கணவர். மகள் மாட்டேன் என்கிறாள். கிரேடு பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பயப்படும் எஃப் பெரிய சிக்கல் இல்லை. பட்டியலில் உங்கள் கண்ணில் படாத ஒன்றுதான் சிக்கல். அது ஆங்கிலத்தில் வாங்கிய அந்த டி.

உயர்நிலைப் பள்ளிக் கணக்கில் டி என்பது தேர்ச்சி. டிப்ளமோவுக்கு வேண்டிய கிரெடிட் அதற்கும் கிடைத்துவிடும். அதனால் பள்ளியிலிருந்து யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் யூசி, மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகமான கால் ஸ்டேட் இரண்டுக்கும், சேர்க்கைக்கு வேண்டிய பாடங்களைச் சொல்லும் ஏ-ஜி பட்டியலில் உள்ள 15 ஓராண்டுப் பாடங்களில் ஒவ்வொன்றிலும் சி அல்லது அதற்கு மேல் வேண்டும். அதில் ஆங்கிலம் மட்டும் நான்கு ஆண்டு. மகளிடம் இப்போது அரை ஆண்டு குறைகிறது.

அல்ஜீப்ராவும் ஸ்பானிஷும் அப்படியல்ல. கணிதத்திலும் பிற மொழியிலும் மேல்நிலைப் பாடத்தில் சி வாங்கினால் கீழே விழுந்த ஓட்டையை அது அடைத்துவிடும். உங்கள் மகள் இரண்டாம் செமஸ்டரில் அல்ஜீப்ராவில் சி, ஸ்பானிஷில் பி வாங்கியிருக்கிறாள். பிறகு அல்ஜீப்ரா 2, ஸ்பானிஷ் 2 இரண்டையும் நல்ல கிரேடில் முடித்திருக்கிறாள். அந்தக் கணக்கு தீர்ந்தது. ஆங்கிலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. பத்தாவது ஆங்கிலத்தில் ஏ வாங்கியிருந்தாலும் ஒன்பதாவது டி அப்படியே நிற்கும். அந்த செமஸ்டரை மறுபடி படிப்பதுதான் நேரான வழி.

இந்தக் கோடையிலேயே முடித்துவிடுங்கள். முதலில் பள்ளியின் சம்மர் ஸ்கூலைக் கேளுங்கள். பல மாவட்டங்களில் விடுமுறை தொடங்குமுன்பே பதிவு முடிந்துவிடும், ஆகவே இந்த வாரமே பள்ளியின் ஆலோசகரான கவுன்சிலரைப் பாருங்கள். அங்கே இடமில்லை என்றால் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரியில்) கோடை வகுப்பு எடுக்கலாம். அதற்குப் பள்ளியின் கையெழுத்து வேண்டும். பகுதிநேரமாகச் சேரும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் இருக்காது. ஆன்லைனில் ‘கிரெடிட் ரெகவரி’ (விட்ட பாடத்தை மீட்கும் வகுப்பு) விற்கும் நிறுவனங்களிடம் பணம் கட்டுமுன், அந்தப் பாடம் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே யூசியின் ஏ-ஜி பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பள்ளி ஏற்றுக்கொண்டாலும் யூசி ஏற்காது. பணத்தோடு கோடையும் போய்விடும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. டி, எஃப் வாங்கிய பாடத்தை மறுபடி படித்தால்தான் புதிய கிரேடு கணக்கில் ஏறும். சி-யை பி ஆக்குவதற்காக எதையும் திரும்பப் படிக்க வைக்காதீர்கள், யூசி அதை எடுத்துக்கொள்ளாது.

இனி அந்த 3.2. அது பள்ளி போட்ட கணக்கு. யூசி அதைப் பார்ப்பதில்லை, தானே வேறு கணக்குப் போடுகிறது: ஒன்பதாவது முடிந்த கோடையிலிருந்து பதினொன்று முடிந்த கோடை வரை எடுத்த ஏ-ஜி பாடங்கள் மட்டும். ஒன்பதாம் வகுப்பு கிரேடு அந்த ஜிபிஏயில் இல்லை. பிளஸ், மைனஸும் கிடையாது. பி மைனஸும் பி-தான், பி பிளஸும் பி-தான்.

உங்கள் பட்டியலை வைத்தே போட்டுப் பார்ப்போம். பத்தாவது, பதினொன்றாவதில் 20 செமஸ்டர் கிரேடுகள்: 14 ஏ, 5 பி, 1 சி. ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2 என்று வைத்தால் 56, 15, 2, ஆகமொத்தம் 73. இருபதால் வகுத்தால் 3.65. கல்லூரித் தரத்து ஏபி பாடங்களுக்கும் யூசி அங்கீகரித்த ஆனர்ஸ் (உயர்தர) பாடங்களுக்கும் செமஸ்டருக்கு ஒரு புள்ளி கூடும். அதிகபட்சம் எட்டு, அதில் பத்தாவதிலிருந்து நான்குக்கு மேல் கூடாது. உங்கள் மகளுக்கு எட்டும் கிடைக்கிறது. 81-ஐ 20-ஆல் வகுத்தால் 4.05. மாநிலவாசிகளுக்கு யூசி கேட்கும் குறைந்தபட்சம் 3.0. யூசி வளாகங்களில் பெர்க்லியும் யூசிஎல்ஏவும் இந்த எண்ணை வைத்து உறுதி சொல்லக்கூடிய இடங்கள் அல்ல. ஆனால் ‘கனவு வேண்டாம்’ என்று சொல்பவர்கள் தப்பான எண்ணைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

கால் ஸ்டேட்டும் பத்தாவது, பதினொன்றாவதைத்தான் எடுக்கிறது. காமன் ஆப் என்ற பொது விண்ணப்பம் வழியாகப் போகும் தனியார் கல்லூரிகள் மட்டும் முழு டிரான்ஸ்கிரிப்டையும் பார்க்கும்.

ஒன்பதாவதை மறைக்கலாமா என்றால், கூடவே கூடாது. ஜிபிஏயில் சேராது என்பதால் விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்று சில வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். எஃப், டி, மறுபடி படித்தது எல்லாவற்றையும் அப்படியே பதிய வேண்டும். விண்ணப்பிக்கும்போது டிரான்ஸ்கிரிப்ட் கேட்க மாட்டார்கள்தான். இடம் கிடைத்த பிறகு ஜூலை 1-க்குள் பள்ளியிலிருந்து போகும். விண்ணப்பத்தில் பதிந்த கிரேடுகளும் டிரான்ஸ்கிரிப்டும் ஒத்துப்போகாவிட்டால் கிடைத்த இடமே ரத்தாகலாம்.

மகள் எழுத மறுப்பதைப் பற்றி. இதில் நான் அவள் பக்கம். யூசியில் எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் எழுத வேண்டும். சந்தித்த பெரிய சவாலைக் கேட்பது அந்த எட்டில் ஒன்று, கட்டாயமில்லை. நான்கிலும் அவள் இன்று யார் என்பது வரட்டும். ஒன்பதாவதற்கு விளக்கம் சொல்ல ‘கூடுதல் குறிப்பு’ என்று தனி இடம் இருக்கிறது. 550 சொல் வரை விடுவார்கள், ஐந்தாறு வரி போதும்.

பெரும்பாலும் வருகிற முதல் வரைவு இப்படி இருக்கும்: ‘என் வாழ்க்கையின் இருண்ட காலம் அது. யாரும் என்னைப் புரிந்துகொள்ளவில்லை. ஆசிரியரும் உதவவில்லை.’ படிப்பவருக்கு இதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘ஒன்பதாம் வகுப்பு முதல் செமஸ்டரில் அப்பாவின் வேலை போய், வீடும் பள்ளியும் மாறின. உடல்நலக் காரணத்தால் 23 நாள் வகுப்புக்குப் போகவில்லை. இரண்டாம் செமஸ்டரில் எல்லாப் பாடத்திலும் சி அல்லது அதற்கு மேல் வாங்கினேன். ஆங்கிலத்தை பதினொன்று முடிந்த கோடையில் மறுபடி படித்து முடித்தேன்.’ என்ன நடந்தது, எந்த மாதங்கள், எந்தப் பாடங்கள், என்ன செய்து மீண்டாள். அவ்வளவுதான் வேண்டும். ‘உடல்நலக் காரணம்’ என்பது பொய் இல்லை. நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கடமை அவளுக்கு இல்லை. இதை அவளே எழுதட்டும். பெற்றோர் எழுதியது படித்ததுமே தெரிந்துவிடும்.

தனியார் கல்லூரிகளுக்கு காமன் ஆப்பிலும் 250 சொல்லில் இதே இடம் இருக்கிறது. அங்கே கவுன்சிலரின் கடிதமும் போகும். வேலை போனது, வீடு மாறியது பற்றி அவரே இரண்டு வரி சேர்த்துவிட்டால் மகள் சொல்ல வேண்டியது இன்னும் குறையும். கவுன்சிலர்கள் கோடையில் கிடைக்க மாட்டார்கள், பள்ளி மூடுமுன் சொல்லிவையுங்கள். யூசி இந்தக் கடிதத்தைக் கேட்பதில்லை, அங்கே மகளின் குறிப்புதான். இடம் கொடுப்பதற்கு எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் யூசி பார்ப்பதில்லை. தனியார் கல்லூரிகளுக்கு வேண்டுமானால் எழுதட்டும்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். அது தேவையில்லாத சுளிப்பு. அங்கே இரண்டு வருடம் படித்து, மாற்றிக்கொள்ளத் தகுந்த 60 செமஸ்டர் யூனிட் முடித்து யூசிக்கு மாறுகிறவர்களை, கல்லூரியில் வாங்கிய கிரேடை வைத்துத்தான் யூசி எடைபோடும். டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களும் நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் தருகின்றன. அதற்கு விண்ணப்பிப்பது செப்டம்பர் மாதத்தில் மட்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற நெருக்கடியான படிப்புகளைச் சில வளாகங்கள் இதில் சேர்ப்பதில்லை, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாவதில் ஏபி பாடங்களை அள்ளிப் போட்டு ஒன்பதாவதை ஈடுகட்ட வேண்டாம். பதற்றம் வந்த பிள்ளை. இரண்டு, மூன்று போதும், தூங்க நேரம் இருக்கட்டும். கடைசி செமஸ்டரில் வரும் ஒரு டி-யும் கிடைத்த இடத்தைப் பறிக்கக்கூடும். யூசி விண்ணப்பம் ஆகஸ்ட் 1-ல் திறக்கும், அக்டோபர் 1-லிருந்து நவம்பர் 30 வரை அனுப்பலாம். கடைசி நாளில் தளம் திணறும். நவம்பர் நடுவில் அனுப்பிவிட்டு விண்ணப்ப எண்ணைக் குறித்துவையுங்கள்.