குழாயடியில் ரோம்

அன்புள்ள அக்கா,

மே கடைசியில் குடும்பத்தோடு இத்தாலி போய் வந்தோம். நான், மனைவி, 11 வயது மகன், 70-ஐத் தொடும் அப்பா. நான்கு வருடம் சேர்த்த பணம், ஆறு லட்சத்துக்கு மேல். ரோமில் மூன்று நாள், அப்புறம் ஃபிளாரன்ஸ், வெனிஸ். மணிவாரியாக எக்செலில் திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

முதல் நாளே கோளாறு. கொலோசியத்துக்கு 11.30 மணி ஸ்லாட். போகிற வழியில் தெருவோரக் குழாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பையன் நகரவே இல்லை. தண்ணீர் கொட்டும் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சுகிறது. இருபது நிமிடம் அதே விளையாட்டு. சட்டையெல்லாம் நனைந்து, நேரமும் ஆகி, கோபத்தில் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில் மூன்று பெரிய வளைவுகள் நிற்கும் இடத்தில் அப்பா முட்டி வலிக்கிறது என்று ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். “இடிஞ்சு கிடக்கறதப் பார்க்கவா இத்தனை தூரம் கூட்டிட்டு வந்தே?” என்றார். மறுநாள் வாடிகனுக்கு வரவில்லை, அறையிலேயே படுத்துவிட்டார். அங்கே கூட்டத்தில் நானும் மனைவியும் போட்ட சண்டையைப் பற்றி எழுத வேண்டாம்.

ஊர் திரும்பியதும் என் அண்ணன் என் மகனிடம் “ரோம்ல என்னடா பார்த்தே?” என்று கேட்டார். “ஒரு குழாய் பெரியப்பா, செம்ம குழாய்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. பிள்ளைகளையும் வயதானவர்களையும் இப்படிப்பட்ட ஊர்களுக்குக் கூட்டிப் போவதே தப்பா? ட்ரெவி நீரூற்றின் முன்னால் முதல் நாள் சாயங்காலம் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். பயணத்தில் நாலு பேரும் சிரிக்கும் ஒரே படம் அதுதான்.

ச., கோவை

அன்புள்ள ச.,

உங்கள் மகன் ரோமைப் பார்த்துவிட்டான். உங்களுக்குத்தான் காசு நஷ்டம்.

கேலிக்குச் சொல்லவில்லை. அந்தக் குழாய்க்கு ரோமில் ‘நசோனே’ என்று பெயர், பெரிய மூக்கு என்று அர்த்தம். வார்ப்பிரும்பில் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் கனமான குழாய்; வளைந்த மூக்கு வழியாக ராப்பகலாகக் குடிதண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். 1874-இல் வைக்கத் தொடங்கினார்கள். நகரம் முழுக்க இன்று ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. திருகும் கிடையாது, பொத்தானும் கிடையாது. எதற்கு இப்படி வீணாக விடுகிறார்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்குப் பதறும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் குழாய்க்குள் தேங்கிக் கெடாது என்பது ஒரு காரணம். பையன் கண்டுபிடித்த அந்த மேல் ஓட்டையும் விளையாட்டுக்கு வைத்ததல்ல. மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் தண்ணீர் வில்லாக வளைந்து வாய்க்கு நேராக வரும், அதிகம் குனியாமல் குடித்துக்கொள்ளலாம். ரோம்காரர்கள் அப்படித்தான் குடிப்பார்கள். ஒருவரும் சொல்லித்தராமல் அவன் அதைப் பிடித்திருக்கிறான். அதற்குத்தான் முதுகில் வாங்கியிருக்கிறான்.

அந்த ஊரின் கதையை எங்கிருந்து இழுத்தாலும் தண்ணீரில் போய்த்தான் நிற்கும். பழைய ரோமுக்கு மலை ஊற்றுகளிலிருந்து 11 கால்வாய்கள் வந்தன. பம்பு கிடையாது, சரிவு மட்டும்தான். படங்களில் நாம் பார்க்கும் உயரமான வளைவு வரிசைகள் நகரத்தை நெருங்கும் கடைசிப் பகுதி. மீதியெல்லாம் பெரும்பாலும் பூமிக்கடியில் ஓடியது. கி.பி. 97-இல் ஃப்ரோன்டினஸ் என்பவரை அந்தக் கால்வாய்களுக்கு அதிகாரியாகப் போட்டார்கள். நம் ஊர்க் குடிநீர் வாரியத் தலைவர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதிவைத்த அறிக்கை இன்றும் கிடைக்கிறது. அதில் நிறைய இடம் திருட்டைப் பற்றிய புலம்பல்: அளவுக்கு மேல் பெரிய குழாய் போட்டவர்கள், தெருவுக்கடியில் களவாக இணைப்பு இழுத்துக் காசு பார்த்த வாரிய ஊழியர்கள். படிக்கும்போது எனக்கு எங்கள் பேரூராட்சி ஞாபகம்தான் வந்தது. நடுவில் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து, இத்தனை தண்ணீரைச் சுமக்கும் இந்தக் கட்டுமானங்களுக்கு முன்னால் எகிப்தின் பிரமிடுகள் சும்மா நிற்பவை, கிரேக்கர்களின் புகழ்பெற்ற கட்டடங்கள் பிரயோசனமில்லாதவை என்று ஒரு போடு போடுகிறார். அரசு அதிகாரி ஒருவர் இவ்வளவு திமிராக எழுதி நான் வேறெங்கும் படித்ததில்லை.

இனி நீங்கள் அனுப்பிய படம். அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் எல்லோருக்கும் பின்னால் நீரூற்றின் சுவரில், நடுவில் நிற்கும் கடல் தெய்வத்துக்கு இரண்டு பக்கமும் மேலே இரண்டு புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. இடது பக்கத்தில் அக்ரிப்பா, கி.மு. 19-இல் ‘அக்வா விர்கோ’ கால்வாயைக் கட்டியவர். உங்கள் படத்தில் பாவம் பாதி வெட்டுப்பட்டுவிட்டார். வலது பக்கத்தில், உங்கள் அப்பாவின் தலைக்கு மேலே, ஒரு பெண் கை நீட்டி எதையோ காட்டுகிறாள். தாகத்தில் அலைந்த படைவீரர்களுக்கு ஊற்று இருக்கும் இடத்தைக் காட்டிய கன்னிப்பெண் அவள். அவளை வைத்துத்தான் கால்வாய்க்கே ‘கன்னி’ என்று பெயர் வந்ததாக ஃப்ரோன்டினஸ் சொல்கிறார். ட்ரெவி கட்டி முடித்தது 1762-இல். ஆனால் அந்தக் கால்வாயின் தண்ணீருக்கு வைத்த வாசல் அது. காசு போட்டால் மறுபடி ரோமுக்கு வருவோம் என்று முதுகைக் காட்டி எறிகிற கூட்டத்தில் அண்ணாந்து அந்தப் பெண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு. நானும் முதல் தடவை பார்க்கவில்லை.

இந்தக் கதையை மகனுக்குச் சொல்லுங்கள். கி.பி. 537-இல் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோமை முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர் கிழக்கு ரோமானியத் தளபதி பெலிசாரியஸ். கோத்துகள் முதலில் கால்வாய்களை உடைத்துத் தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு ஒரு ராத்திரி சில பேர், வறண்டு கிடந்த ஒரு கால்வாய்க்குள் பந்தம் கொளுத்திக்கொண்டு நகரத்தை நோக்கி ஊர்ந்து வந்தார்கள். அது இந்த அக்வா விர்கோதான் என்கிறார்கள். நகர மதிலின் பிஞ்சானா வாசலில் நின்ற காவலன் ஒருவன் தரைமட்டத்தில் ஒரு இடுக்கில் வெளிச்சம் மினுங்கிப் போவதைப் பார்த்தான். கூட இருந்தவர்களிடம் சொன்னபோது, “ஓநாய் போயிருக்கும், அதன் கண்ணு மின்னியிருக்கும்” என்று தள்ளிவிட்டார்கள். விடிந்ததும் பேச்சு பெலிசாரியஸ் காதுக்குப் போயிற்று. அவர் ஆளை இறக்கிப் பார்க்கச் சொன்னார். உள்ளே விளக்குச் சொட்டுகள் விழுந்து காய்ந்து கிடந்தன. வழியை அடைத்துக் கட்டியிருந்த சுவரில் ஒரு கல்லைக் காணோம். வந்துபோனதற்கு அடையாளமாக எடுத்துப் போயிருக்கிறார்கள். பெலிசாரியஸின் செயலாளராகக் கூடவே இருந்த புரோகோப்பியஸ் எழுதிவைத்தது இது. 11 வயதுப் பையனுக்கு இதைச் சொல்லிவிட்டு ட்ரெவி முன்னால் நிறுத்தினால் ஐஸ்கிரீம்கூடக் கேட்க மாட்டான். கேட்பான், கொஞ்சம் தாமதமாக.

உங்கள் அப்பா சொன்ன ‘இடிஞ்சு கிடக்கற’தற்கும் இதில் பங்கு உண்டு. கால்வாய்த் தண்ணீர் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் மட்டும் வந்ததல்ல, மாவு மில்களும் அதில்தான் சுற்றின. தண்ணீர் நின்றதும் பெலிசாரியஸ் படகுகளில் திரிகையைக் கட்டி டைபர் ஆற்று ஓட்டத்தில் மாவு அரைத்தார். போர், கொள்ளைநோய், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தானியம் நின்றது எல்லாம் சேர்ந்து, ஒரு காலத்தில் பத்து லட்சம் பேர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஊர் சில பத்தாயிரமாகச் சுருங்கியது. மேட்டுப் பகுதிகள் காலியாக, மிஞ்சிய சனம் ஆறு வளைந்து போகும் பக்கம் இறங்கி நெருக்கியடித்து வீடு கட்டிக்கொண்டது. நவோனா சதுக்கத்தைச் சுற்றி நீங்கள் நடந்த சந்துபொந்தெல்லாம் அந்தப் பக்கம். பேரரசின் நடுக்கூடமான ஃபோரத்தில் மாடு மேய்ந்தது. ‘காம்போ வாச்சினோ’, அதாவது மாட்டு மைதானம் என்றே பல நூற்றாண்டு அதற்குப் பெயர்.

அப்பா உட்கார்ந்த இடத்தில் நின்ற அந்த மூன்று வளைவுகள் மாக்சென்டியஸ் பேரரசரின் மண்டபத்தின் மிச்சம். அதன் அடியில் டொமிஷியன் பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. ரோம் என்றாலே நாம் மிளகுக்குத் தாவிவிடுவோம், எனக்கே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் அவரிடம் அந்த இடத்திலேயே இதைச் சொல்லியிருந்தால், முசிறியில் கப்பலேறிய மூட்டை இங்கேதான் வந்து இறங்கியது என்று இன்னும் பத்து நிமிடம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

வயதானவர்களைக் கூட்டிப் போவது தப்பா என்று கேட்டீர்கள். 2019 அக்டோபரில் நான் அம்மாவைக் கூட்டிப் போனேன். நானும் உங்களைப் போலத்தான், கையில் பட்டியல். வழிகாட்டியோடு ஒரு சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருந்தோம். அவர்கள் கொடுத்த காதுக்கருவியில் முக்கால்வாசி நேரம் கரகரப்பு மட்டும்தான் கேட்டது, அம்மா கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்குள் போனபோது மழை பிடித்துக்கொண்டது. அதன் குவிமாடம் 43.3 மீட்டர் அகலம், கம்பி வைக்காத கான்கிரீட். உச்சியில் எட்டு மீட்டருக்கு மேல் அகலமாக ஒரு வட்டத் திறப்பு, அதற்கு மூடியே கிடையாது. மழை அப்படியே வெள்ளித் தூண் மாதிரி நடுக்கூடத்தில் இறங்கியது. உள்ளே இருந்த கூட்டம் மொத்தமும் அண்ணாந்து ஃபோனைத் தூக்கியது. அம்மா மட்டும் குனிந்து தரையைப் பார்த்தாள்.

“ஏங்கண்ணு, தண்ணி எங்க போவுது?”

அவள் கல்யாணமாகிப் போனது தொட்டிக்கட்டு வீடு. நடுவாசலில் மழை விழுந்தால் சலதாரை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது நாற்பது வருடப் பழக்கம். கயிறு கட்டிய இடத்தைச் சுற்றி மெதுவாக நடந்தாள். பளிங்குத் தரை நடுவில் லேசாக மேடு தட்டி ஓரத்துக்குச் சரிவதைக் காலாலேயே கண்டுபிடித்தாள். அப்புறம் தரையில் சின்னச் சின்ன ஓட்டைகள். ஒன்று, இரண்டு என்று எனக்குக் காட்டினாள். மொத்தம் 22 என்று நான் பிறகு தெரிந்துகொண்டேன். “கட்டுனவன் மழையில நனைஞ்சவன் கண்ணு” என்றாள். குவிமாடத்தைப் பற்றி நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த எதையும் அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த முறைக்கு எக்செல் போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டிக்கெட் வாங்க வேண்டிய இடங்களுக்கு அது இல்லாமல் முடியாது. ஒரு நாளைக்கு ஒரு ஸ்லாட் மட்டும் எழுதுங்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வாடிகன் அருங்காட்சியகம் இலவசம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ரோமின் தெருக்களில் பதித்திருக்கும் கருங்கற்கள் முட்டிவலிக்காரர்களுக்கு எமன், அப்பாவுக்குத் தடித்த அடிப்பாகமுள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள். சாப்பாட்டுக்கு அவருக்கு ‘காச்சோ எ பெப்பே’ பிடிக்கும், மிளகும் சீஸும் மட்டும் போட்ட பாஸ்தா. ஆனால் அந்தப் பெக்கோரினோ சீஸைத் திரிய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையில் எடுக்கும் உறைபொருளால். சுத்த சைவம் என்றால் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

மகனுக்காக இன்னொன்று. கொலோசியத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சான் கிளெமென்டே தேவாலயம். மேலே இருப்பது 12-ஆம் நூற்றாண்டுக் கோயில். படியிறங்கினால் அதன் அடியில் 4-ஆம் நூற்றாண்டுக் கோயில். இன்னும் இறங்கினால் 1-ஆம் நூற்றாண்டு வீடும் சந்தும். அந்த ஆழத்தில் இருட்டில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும், ஒரு இடத்தில் எட்டிப் பார்க்கலாம். நடு அடுக்கில் 11-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்று இருக்கிறது. புனிதர் கிளெமென்ட்டைக் கட்டி இழுத்துப் போகச் சொல்கிறான் ஒரு பெரிய மனிதன். அற்புதம் நடந்து, வேலையாட்கள் அவர்தான் என்று நினைத்து ஒரு தூணைக் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். நகராத தூணையும் வேலையாட்களையும் பார்த்து அவன் கத்துவது சுவரிலேயே எழுதியிருக்கிறது. புனிதருக்கு லத்தீன், அவனுக்குத் தெருப்பேச்சு. எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இத்தாலியப் பேச்சுமொழிகளில் ஒன்று அந்த வசவு. அர்த்தத்தை இங்கே எழுத முடியாது. குழாயடிச் சண்டையில் நாம் கேட்காத வார்த்தை ஒன்றும் இல்லை. படி நிறைய இருப்பதால் அப்பாவை மேலேயே உட்கார வைத்துவிட்டுப் பையனோடு நீங்கள் மட்டும் இறங்குங்கள்.

கடைசியாக அந்தப் படத்தில் ஒரு சந்தேகம். காலையில் 11.30-க்கு முன்னால் நனைந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மே மாத வெயிலில் ஒரு மணி நேரத்தில் சட்டை காய்ந்திருக்கும். ட்ரெவி படம் சாயங்காலம் எடுத்தது. அதிலும் அவன் காலரும் நெஞ்சும் ஈரமாகத்தான் இருக்கிறது, பக்கத்தில் உங்கள் அப்பாவின் வலது முழங்கைச் சட்டையும். அது எந்தக் குழாய் என்று ரெண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா