அப்பச்சி சேத்து வச்ச சிடியா, ஃபோன்ல எறக்குற பாட்டா?

கேள்வி: எங்க அப்பச்சி வாங்கிச் சேத்த பாட்டு சிடி ஒரு அலமாரி நெறைய இருக்கு. கர்நாடக சங்கீதம், முருகன் பாட்டு, பழைய சினிமான்னு எல்லாம் கலந்து கெடக்கு. சிங்கப்பூர்ல இருக்க மகன், "எல்லாம் ஃபோன்லயே வருது ஆத்தா, டவுன்லோட் பண்ணிக்க, அதத் தூக்கிப் போட்டுட்டு அலமாரியக் காலி பண்ணு"ங்குறான். புதுக் கார்ல சிடி போட வழியே இல்ல. சில சிடி வேற பாதியில சிக்கிச் சிக்கி நிக்குது. இனிமே வாங்குனா சிடியா வாங்குறதா, டவுன்லோடா? இருக்குறத என்ன செய்யிறது?
ஒரு ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, மொதல்ல எதையும் தூக்கிப் போட்டுறாதீங்க. தம்பி சொல்றதுல பாதி சரிதான், இனிமே சிடிய சுழல விட்டுக் கேக்குற ஆளுக கொறைஞ்சு போச்சு, புது லேப்டாப்புலயும் அதுக்கு எடம் இல்ல, கார்லயும் இல்ல. ஆனா அவரு சொல்ற அந்த டவுன்லோட் இருக்கு பாருங்க, மாசச் சந்தா கட்டி ஆப்ல அமுக்குறது, அது நீங்க வாங்குனதா ஆகாது. பாட்டு பூட்டுப் போட்ட ஃபைலாத்தான் ஃபோனுக்குள்ள எறங்கும், அந்த ஆப்ப விட்டு வெளிய எடுக்க முடியாது, பென்டிரைவ்ல போட்டு கார்ல சொருக முடியாது, சந்தா நின்னா அதுவும் நின்னுரும். ஸ்பாட்டிஃபைல 30 நாளைக்கு ஒருக்காவாவது நெட்ல தலையக் காட்டலன்னா எறக்கி வச்சதே பாடாது. பாட்டுக் கம்பெனிக்கும் ஆப் கம்பெனிக்கும் ஒப்பந்தம் முடிஞ்சா நேத்து கேட்ட ஆல்பம் இன்னிக்குக் காணாமப் போயிரும், நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த பாத்திரம் மாதிரி ஆச்சி, பொழங்கலாம், ஆனா அதுல நம்ம பேரு வெட்டியிருக்காது.

காசு குடுத்து ஃபைலாவே வாங்குறது வேற கதை. 2012ல ஃப்ளிப்கார்ட் ஃப்ளைட்டுன்னு பாட்டு விக்கிறதுக்குன்னே ஒரு கடை போட்டுச்சு, எம்பி3யா வாங்கிக்கலாம், ஆனா மறுவருசமே மூடிட்டாங்க. ஆனாலும் அப்ப வாங்கி கம்ப்யூட்டர்ல எறக்கி பத்திரமா வச்சவங்களுக்கு அந்தப் பாட்டு இன்னிக்கும் பாடும், ஏன்னா அந்த ஃபைல்ல பூட்டு இல்ல. அதனால இனிமே டவுன்லோடா வாங்குறதுன்னா இந்த ஒன்ன மட்டும் பாத்து வாங்குங்க, ஃபைலு நம்ம கைக்கு வருதா, வேற எடத்துல காப்பி பண்ணா பாடுதா. பேண்ட்கேம்ப்னு ஒரு தளம் இருக்கு, அங்க பாடுறவங்க, வாசிக்கிறவங்க நேரடியாவே விக்கிறாங்க, ஃப்ளாக் ஃபைலாவே எறக்கிக்கலாம். ஃப்ளாக்னா சிடில இருக்க சத்தத்த ஒரு துளி கூட வெட்டாம சுருக்கி வைக்கிற ஃபைல். எம்பி3 வெட்டித்தான் சுருக்கும். சிடில ஒரு செகண்டுக்கு 1411 கிலோபிட் ஓடுது, நல்ல எம்பி3ல 320தான். இதச் சொன்னதும் பயந்துறாதீங்க, கார்ல ஏசி சத்தத்துக்கும் லாரி ஹாரனுக்கும் நடுவுல இந்த வித்தியாசம் யார் காதுக்கும் தெரியாது. ஆனா வச்சுப் பாதுகாக்குறதுக்கு ஃப்ளாக்தான், ஏன்னா அதுலேர்ந்து எப்ப வேணும்னாலும் எம்பி3 பண்ணிக்கலாம், எம்பி3லேர்ந்து போன சத்தத்த திருப்பிக் கொண்டார முடியாது.

இப்ப அலமாரிக்கு வருவோம். எல்லாத்தையும் எறக்கி அடிப்பக்கத்தத் திருப்பிப் பாருங்க. கம்பெனி சிடின்னா நல்ல வெள்ளிப் பளபளப்பா இருக்கும், அது அச்சுல அடிச்சது, ரொம்ப வருசம் தாங்கும். லேசா பச்சையாவோ நீலமாவோ அடிச்சா அது கடையில ரெக்கார்டிங் பண்ணிக் குடுத்தது. ஞாபகம் இருக்கும், ஒரே சிடில நூறு பாட்டு, மேல மார்க்கர் பேனால "முருகன் 2"ன்னு எழுதி. அது சாயத்துல எழுதுனது, சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் அந்தச் சாயம் கெட்டுப்போயிரும், சிக்கி நிக்கிறது பெரும்பாலும் இதுவாத்தான் இருக்கும். அந்த நூறு பாட்டு சிடில இருக்குறது ஏற்கனவே எம்பி3, அத ஃப்ளாக்கா மாத்தி ஒரு புண்ணியமும் இல்ல, அப்படியே காப்பி பண்ணாப் போதும்.

கம்பெனி சிடிய மட்டும் அப்படிக் காப்பி பண்ண முடியாது, இதுலதான் நெறையப் பேரு ஏமாறுறாங்க. விண்டோஸ்ல தொறந்தா சிடிஏன்னு பேரு போட்டு வரிசையா ஃபைல் தெரியும், அதப் பென்டிரைவ்ல இழுத்துப் போட்டுட்டு வேலை முடிஞ்சுச்சுன்னு நெனச்சுக்குவாங்க, அது ஒவ்வொன்னும் 44 பைட்டுதான், பாட்டு எங்க ஆரம்பிக்குதுங்கிற குறிப்பு மட்டும்தான் உள்ள இருக்கு, பாட்டு இல்ல. யூஎஸ்பில மாட்டுற டிவிடி டிரைவ் ஒன்னு வாங்கி, எக்ஸாக்ட் ஆடியோ காப்பின்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதப் போட்டு ஃப்ளாக்கா எடுக்கச் சொல்லுங்க. கீறல் விழுந்த எடத்தத் திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்து எடுக்கும், எடுக்க முடியலன்னா முடியலன்னு சொல்லிரும். ஒரு சிடிக்கு சுமாரா 300 எம்பி ஆகும், எரநூறு சிடின்னாலும் 60 ஜிபிக்குள்ள அடங்கிரும். தம்பி அடுத்து முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வரும்போது டிரைவ வாங்கிட்டு வரச் சொல்லி ஒக்கார வச்சிருங்க, தூக்கிப் போடச் சொன்னதுக்கு அதுதான் தண்டனை.

தொடைக்கிறப்ப வட்டமாத் தேய்க்காதீங்க, மெத்துன்னு துணிய வச்சு நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா இழுக்கணும். நாம எல்லாரும் அடிப்பக்கம் கீறிரக் கூடாதுன்னுதான் பாத்துக்குவோம், உண்மையில பேரு அச்சடிச்ச மேல்பக்கம்தான் ஆபத்து, பாட்டு இருக்க அலுமினியப் பூச்சு அந்த மேல்பூச்சுக்கு அடியிலயேதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. அடிப்பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல பிளாஸ்டிக் காவல் இருக்கு.

பாட்டெல்லாம் ஃபைலா எடுத்ததுக்கப்புறமும் நான் கம்பெனி சிடிய வச்சுக்கங்கன்னுதான் சொல்லுவேன், காரணம் சத்தம் இல்ல, டப்பாக்குள்ள இருக்க அந்தச் சின்னப் பொஸ்தகம். கச்சேரி சிடின்னா ராகம், தாளம், எழுதுனவரு, வயலின் யாரு, மிருதங்கம் யாருன்னு எல்லாம் போட்டிருப்பாங்க. ஆப்ல பாடுனவர் பேரோட நின்னு போறதுதான் அதிகம், நம்ம மிருதங்க வித்வான் காரைக்குடி மணி வாசிச்ச கச்சேரிகளத் தேடுனா பாடகர் பேருக்குப் பின்னாடி எங்கேயோ ஒளிஞ்சிருக்கும். அந்தப் பொஸ்தகத்த ஃபோன்ல பக்கம் பக்கமா ஃபோட்டோ எடுத்து அந்தந்த ஆல்பம் ஃபோல்டர்லயே போட்டு வைங்க.

ஃபைல ஒரே எடத்துல வைக்காதீங்க, ஹார்டு டிஸ்க்கும் சாகும். ஒன்னு உங்ககிட்ட, ஒன்னு சிங்கப்பூர்ல. காருக்குத் தனியா ஒரு பென்டிரைவ், அதுல எம்பி3யா மாத்திப் போடுங்க, ஃப்ளாக் சில கார்ல பாடாது. பென்டிரைவ மட்டும் நம்பி எதையும் விட்டுறாதீங்க, அது கேக்குறதுக்கு, சேமிக்கிறதுக்கு இல்ல.

இன்னொன்னு, யாராவது "காரைக்குடில போட்டா நல்ல வெலை வரும்"னு ஆசை காட்டுவாங்க. முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைல கிராக்கி கிராமபோன் தட்டுக்குத்தான். ஏவி.மெய்யப்பன் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி காரைக்குடில அவங்க அப்பா கடைல வித்தாரே, பக்கத்துக்கு மூணு நிமிசம் ஓடுற அந்தத் தட்டு. அந்த மாதிரி ஏதாச்சும் பெரிய வீட்டுப் பரண்ல கெடந்தா கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்க. சிடிக்கு இன்னிக்கு அங்க ஒன்னும் தேறாது.

வேலைய ஆரம்பிக்கிறப்ப அந்தப் பச்சை, நீல சிடிகளத்தான் மொதல்ல எடுக்கணும் ஆச்சி, வெள்ளிச் சிடி இன்னும் கொஞ்ச வருசம் காத்திருக்கும், பச்சை, நீலத்துக்கு அவ்வளவு பொறுமை கெடையாது.